செய்தித்தாளும் தண்டவாளமும்



இம்முறை ஒரு புதிருடன் தொடங்குகிறேன். ஒருவர் சட்டம் படித்தார், வழக்குரைஞரானார், நாட்டு விடுதலைக்காக அத்தொழிலை விட்டார். ஆசிரமத்தில் வாழ்ந்தார். கடற்கரையில் உப்பெடுக்கும் போராட்டத்திற்குச் சென்று சிறை புகுந்தார். பிறகு ஓர் ஆங்கில நாளிதழுக்கு ஏழாண்டுகள் ஆசிரியர். மற்றொன்றுக்கு ஐந்தாண்டுகள் இணையாசிரியர். அடுத்து இரயில்வே அமைச்சு. தேர்தலில் தோற்றார். தோற்ற ஆண்டிலேயே ஒரு மாநிலத்தின் துணைநிலை ஆளுநர். பின்னர் மாநிலங்களுக்கு வரிப்பணத்தைப் பங்கிடும் ஆணையத்தின் தலைவர். அதற்கும் பிறகு இலஞ்ச ஒழிப்புக் குழுவின் தலைவர். இத்தனையும் ஒரே மனிதர். யார் இவர்?

எங்கள் ஆசிரியர் அறையில் இதைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் "இராஜாஜி" என்றார். விடைக்கு மிக அருகில் வந்துவிட்டார், ஏனெனில் இவர் இராஜாஜியின் நெருங்கிய தோழர். பெயர் கே. சந்தானம். "நகைச்சுவை நடிகரா?" என்று இளம் ஆசிரியை ஒருவர் கேட்டதும் அறையே சிரித்தது. இல்லை அம்மா, இவர் 1895-இல் பிறந்து 1980-இல் மறைந்த தமிழ்நாட்டுச் சந்தானம். தமிழர்களாகிய நாமே மறந்துபோன பெரியவர்களுள் ஒருவர்.

இவரை நான் தேடிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு.

நம் பள்ளிகளில் மாணவர் பதிவில் 'எதிர்கால விருப்பம்' என்று ஒரு பகுதி இருப்பதை ஆசிரியர்கள் அறிவீர்கள். ஒவ்வோர் ஆண்டும் மூன்று விருப்பங்களை எழுதி நிரப்ப வேண்டும். பெரும்பாலும் மருத்துவர், ஆசிரியர், காவல்துறை அதிகாரி என்ற வரிசை மாறாது. பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவதும் உண்டு. என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் மட்டும் முதல் விருப்பமாக 'செய்தி வாசிப்பாளர்' என்றும் இரண்டாவதாக 'இரயில் ஓட்டுநர்' என்றும் எழுதியிருந்தான். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டிருந்தான். கேட்டதற்கு, "இரண்டு போதும் டீச்சர்" என்றான்.

அறிக்கை அட்டையைப் பெற வந்த நாளில் அவனுடைய தாயார் என்னிடம் தனியே பேசினார். பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இரவுப் பணி முடித்து, சீருடை மாற்றாமல் நேராகப் பள்ளிக்கு வந்திருந்தார்.

"டீச்சர், மூணாவது படிக்கிறப்ப ரயில் ஓட்டணும்னான். இப்ப டிவியில நியூஸ் வாசிக்கணுங்கிறான். ஒரே புத்தியா நிக்க மாட்டேங்கிறான். நீங்களாவது அதை அடிச்சுட்டு டாக்டர்னு எழுதிக் குடுங்க. எழுதி வச்சா மனசுல பதியும்ல?"

அவருடைய அச்சம் எனக்கு நன்றாகவே விளங்கியது. அவர் பெற்றோர் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் துண்டாடப்பட்டபோது வீட்டையும் வேலையையும் ஒருசேர இழந்து பட்டணத்தோரம் வந்தவர்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு பிள்ளை 'இன்று இது, நாளை அது' என்று சொன்னால் தாயின் வயிறு கலங்காமல் என்ன செய்யும்? உறுதியான ஒரு வேலை, ஓய்வூதியம், வங்கிக் கடனுக்குத் தகுதி. நம் சமுதாயம் மூன்று தலைமுறையாக ஏங்கியது இவற்றுக்குத்தானே?

"அழிக்க வேண்டாம்மா, கொஞ்சம் பொறுங்க. நான் யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். செய்தியும் இரயிலும் ஒரு மனிதருடைய வாழ்வில் சேர்ந்து வந்ததுண்டா என்று அன்றிரவு தேடத் தொடங்கினேன். அப்படித்தான் சந்தானம் கிடைத்தார்.

1920-களில் காந்தியடிகளின் அழைப்பை ஏற்று நீதிமன்றத்தை விட்டு வெளியேறியவர்களுள் அவரும் ஒருவர். இராஜாஜி 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியபோது அங்கே சென்று தங்கினார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவைதாம் அங்கே அன்றாட வேலை. 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு நடந்தார்கள். இராஜாஜி கைதானபின் அந்தப் போராட்டத்தைத் தொடர்ந்து நடத்தியவர்களுள் சந்தானம் முக்கியமானவர்.

அடுத்துப் பத்திரிகை. 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' 1932-இல் சென்னையில் டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடுவால் தொடங்கப்பட்ட ஏடு. நம் மக்களுக்குப் பழக்கமான 'தினமணி' 1934-இல் அதே நிறுவனத்திலிருந்து பிறந்தது. அந்த ஆங்கில நாளிதழுக்கு 1933 முதல் 1940 வரை சந்தானம் ஆசிரியர். இடையில் 1937-இல் தில்லி மத்திய சட்டசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் 1943 முதல் 1948 வரை தில்லியில் 'இந்துஸ்தான் டைம்ஸ்' ஏட்டின் இணையாசிரியர். அப்போது அதன் ஆசிரியர் காந்தியடிகளின் மகனும் இராஜாஜியின் மருமகனுமான தேவதாஸ் காந்தி. இந்தக் காலத்திலேயே இந்திய அரசியல் நிர்ணய சபையிலும் சந்தானம் உறுப்பினராக இருந்தார். பகலில் சட்டத்தை எழுதிவிட்டு மாலையில் அதைப் பற்றிய தலையங்கத்தைப் பார்க்கும் நிலை. இக்காலத்தில் அப்படி ஒருவர் இருந்தால் நாம் ஏற்றுக்கொள்வோமா என்பது ஐயந்தான்.

1948-இல் நேரு அரசில் இரயில்வே, போக்குவரத்து இணையமைச்சரானார். மூத்த அமைச்சர் என். கோபாலசுவாமி ஐயங்கார். அவரும் தமிழர், காஷ்மீரத்தின் திவானாக இருந்தவர்.

அவர்கள் கைக்கு வந்த இரயில்வே எப்படி இருந்தது என்பதைப் பெற்றோர்கள் சற்றுக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். போர்க்காலத்தில் ஓய்வின்றி ஓடித் தேய்ந்த எஞ்சின்கள். பிரிவினையில் இரண்டாக வெட்டப்பட்ட பாதைகள். அசாம் மாநிலம் இந்தியாவின் மற்றப் பகுதியிலிருந்து இரயில்வழியில் முழுவதுமாக அறுபட்டுக் கிடந்தது. புதிய பாதை போட்டு 1950 சனவரியில்தான் மறுபடியும் இணைத்தார்கள். எஞ்சின்களை வெளிநாட்டிலிருந்தே வாங்கிக்கொண்டிருந்த நாடு, 1950-இல் சித்தரஞ்சனில் சொந்தமாகச் செய்யத் தொடங்கியது. சென்னைப் பெரம்பூரில் பயணிகள் பெட்டி கட்டுவதற்காகச் சுவிட்சர்லாந்து நிறுவனத்துடன் 1949-இல் ஒப்பந்தம் ஆயிற்று. 1955-இல் தொழிற்சாலை திறக்கப்பட்டது.

இவற்றையெல்லாம்விட என்னை நிறுத்திவைத்த செய்தி வேறு. விடுதலையின்போது இந்தியாவில் 42 தனித்தனி இரயில் அமைப்புகள் இருந்தன. பழைய சமஸ்தானங்களுக்குச் சொந்தமானவையும் அவற்றில் அடக்கம். ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனிக் கணக்கு, தனி வழக்கம். இவற்றைச் சில பெரிய மண்டலங்களாக இணைக்கும் வேலை இந்த இருவரின் காலத்தில் நடந்தது. முதலில் பிறந்தது தெற்கு இரயில்வே; மதராஸ் தென்மராட்டா, தென்னிந்திய, மைசூர் இரயில்வேக்கள் மூன்றும் ஒன்றாயின. நாள் 1951 ஏப்ரல் 14, அதாவது சித்திரை முதல் நாள். அதே ஆண்டு நவம்பரில் மத்திய, மேற்கு மண்டலங்கள் அமைந்தன. எஞ்சிய மூன்று 1952 ஏப்ரலில் அமைந்தபோது சந்தானம் பதவியில் இல்லை.

ஏன் இல்லை? தேர்தல். 1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் அவர் மாயூரம் தொகுதியில் நின்று தோற்றார். வென்றவர் கம்யூனிஸ்டுக் கட்சியின் கே. ஆனந்த நம்பியார். இந்த நம்பியார் யார் என்றால், திருச்சி பொன்மலை இரயில்வே பணிமனைத் தொழிலாளர்களின் தலைவர்! இரயில்வே அமைச்சரை இரயில்வே தொழிலாளர் தலைவர் வீழ்த்தினார். கதையில் எழுதினால் செயற்கை என்போம்.

இதைப் படித்தபோது நான் சற்று நேரம் மேலே படிக்கவில்லை. 1949 மார்ச்சில் இரயில்வே வேலைநிறுத்தத்திற்கு அழைப்பு விடப்பட்டபோது அரசு பலரைக் கைது செய்து அதை முறியடித்தது. 1930-இல் அரசை எதிர்த்துச் சிறை சென்ற ஒருவர், 1949-இல் போராட்டக்காரர்களைச் சிறைப்படுத்தும் அரசில் அமைச்சர். நாடு சிதறிக் கிடந்த நேரம், இரயில் நின்றால் உணவுத் தானியமும் நின்றுவிடும் என்று அவருக்காக வாதிடலாம். பட்டறையில் உழைத்தவனுக்கு அந்த வாதம் எப்படிக் கேட்டிருக்கும்? பல துறைகளுக்குச் செல்பவன் மேசையின் எல்லாப் பக்கங்களிலும் உட்கார்கிறான். ஒரு பக்கத்தில் இருந்தபோது பேசியதை மறுபக்கத்தில் இருப்பவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் அவரைப் பெரியவர் என்று போற்றுகிறேன். ஆயினும் மாயூரத்து மக்கள் தவறு செய்தார்கள் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

தோற்றவரை அரசு விந்தியப் பிரதேசத்தின் துணைநிலை ஆளுநராக அனுப்பியது. அந்த மாநிலம் 1956-இல் மத்தியப் பிரதேசத்தோடு சேர்ந்துவிட்டது. இந்தப் பகுதியில் எனக்கு அதிக ஆர்வம் இல்லை. தோற்றவர்களை ஆளுநராக்கும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது என்பதைத் தவிர!

அதன் பின் நடந்ததுதான் சுவையானது. 1956-இல் அமைக்கப்பட்ட இரண்டாவது நிதி ஆணையத்திற்கு அவர் தலைவரானார். மத்திய அரசு திரட்டும் வரியில் எந்த மாநிலத்திற்கு எவ்வளவு என்று பரிந்துரைக்கும் பொறுப்பு அது. அச்சமயத்தில் இரயில் பயணக் கட்டணத்தின்மீது 1957-இல் ஒரு வரி போடப்பட்டது. அதையும் மாநிலங்களுக்குப் பங்கிட வேண்டும். எப்படிப் பங்கிடுவது? சென்னையில் சீட்டு வாங்கியவர் ஆந்திரம், மத்தியப் பிரதேசம் எல்லாவற்றையும் கடந்து தில்லியில் இறங்குகிறார். அந்த வரி யாருக்குச் சொந்தம்? சீட்டு விற்ற ஊருக்கா? ஆணையம் அப்படிப் பார்க்கவில்லை. பயண வருமானத்தை அந்தந்த மாநிலத்திற்குள் ஓடும் பாதையின் நீளத்தோடு பொருத்திக் கணக்கிட்டது. வெறும் நிதி வல்லுநருக்கு இது வெறும் எண். இரயில்வே அமைச்சில் மூன்றரை ஆண்டுகள் கோப்புப் பார்த்தவருக்கு ஒவ்வொரு பாதையும் தெரிந்த முகம். (என் கணிதப் பாடத்தில் இதையே ஒரு பிரச்சினைக் கணக்காக மாற்றிக் கொடுத்தேன். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு செல்லும் ஒருவரின் கட்டணத்தை வழியிலுள்ள மாநிலங்களுக்குப் பங்கிடச் சொன்னேன். "மலாக்காவுக்குத்தான் டீச்சர் ரொம்பக் குறைவு" என்று குறைபட்டுக்கொண்டார்கள்.)

1962-இல் அவரை மீண்டும் அழைத்தவர் அப்போதைய உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. சாஸ்திரியும் பழைய இரயில்வே அமைச்சர்தாம். 1956 நவம்பரில் அரியலூரில் நடந்த கோர விபத்துக்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகியவர். அரசு அலுவலகங்களில் இலஞ்சத்தைத் தடுக்கும் வழிகளை ஆராய ஒரு குழுவைச் சந்தானம் தலைமையில் அமைத்தார். அந்தக் குழுவின் பரிந்துரையால் 1964-இல் மத்திய கண்காணிப்பு ஆணையம் உருவானது. இன்றும் இயங்குகிறது. சந்தானம் என்ற பெயர் இந்தியாவில் இன்று நினைவில் நிற்பது இந்த 'சந்தானம் குழு' வழியாகத்தான்.

அந்த அறிக்கையில், தவறான காரியத்திற்குத் தரும் இலஞ்சத்தைப் பற்றி மட்டும் பேசாமல், நியாயமாக நடக்க வேண்டிய காரியத்தை விரைவுபடுத்துவதற்காகத் தரும் பணத்தைப் பற்றியும் எழுதினார்கள். கோப்பு தேங்கும் இடத்தில் இலஞ்சம் முளைக்கிறது. ஆகவே தேக்கத்தை நீக்கு என்பது அந்தச் சிந்தனையின் சாரம். இதை எழுதுவதற்குச் செய்தியாளரின் கண் வேண்டும். அமைச்சு எப்படி இயங்குகிறது என்று உள்ளே இருந்து பார்த்த அனுபவமும் வேண்டும். வழக்குரைஞரின் சொல்லொழுங்கும் அதில் உண்டு. முன்பு பார்த்த வேலைகளில் ஒன்றும் வீண்போகவில்லை என்றே நான் கருதுகிறேன்.

"டீச்சர், இதெல்லாம் இந்தியாவில், பெரிய படிப்புப் படித்தவர்கள் கதை" என்று நீங்கள் சொல்லக்கூடும். நம் நாட்டிலேயே பாருங்கள். குளுவாங்கில் 1936-இல் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ச. சாமிவேலு, கட்டடக்கலைத் துறையில் உழைத்துப் பயின்று, மலேசிய வானொலி தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி வாசித்து, அரசியலுக்கு வந்து, 1979-இல் பொதுப்பணி அமைச்சரானார். 2022-இல் அவர் மறைந்தார். அவருடைய அரசியலைப் பற்றி நம் வீடுகளில் இருவேறு கருத்துகள் உண்டு; அந்த வாதத்திற்கு நான் வரவில்லை. செய்தி வாசித்த குரல் பின்னாளில் சாலை திறந்தது என்பது மட்டும் நாம் அனைவரும் கண்டது.

அந்தத் தாயாரிடம் இதையெல்லாம் ஒரு சனிக்கிழமை, பள்ளிக் கூட்டுப்பணிக்கு வந்திருந்தபோது சொன்னேன். சந்தானத்தைப் பற்றிப் பொறுமையாகக் கேட்டார். சாமிவேலு என்றதும் புன்னகைத்தார். அருகில் அவருடைய மாமியார், எண்பதை நெருங்கியவர், பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரயில் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் குறுக்கிட்டார்.

"ரயில் வேலையெல்லாம் நமக்கு வேணாம்மா. எங்க பெரியப்பாவ சயாமுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. திரும்பி வரல."

அங்கே பேச்சு நின்றுவிட்டது. எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் உண்டு, என் பாட்டியின் அண்ணன். மலாயாத் தோட்டங்களிலிருந்து சப்பானியர் கொண்டுசென்ற தமிழர்கள் பல்லாயிரவர் சயாம்-பர்மா மரண இரயில் பாதையில் மாண்டனர். 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் போடப்பட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. மலாக்கா மக்களுக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. தம்பினிலிருந்து மலாக்கா நகர் வரை 1905 முதல் இரயில் ஓடியது. சப்பானியர் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து அந்த மரணப் பாதைக்கே கொண்டு சென்றார்கள். போர் முடிந்தும் அது திரும்பப் போடப்படவில்லை. ஆகவேதான் விமானம் தலைக்குமேல் இறங்குவதைத் தினமும் பார்க்கும் பத்து பெரண்டாம் பிள்ளைகள், இரயிலைப் பார்க்க வேண்டுமானால் பூலாவ் செபாங் வரை செல்ல வேண்டியிருக்கிறது. ஆள் போனதும் தண்டவாளம் போனதும் ஒரே இடத்திற்கு. இரயில் என்றால் அந்தப் பாட்டியின் மனத்தில் எழும் படம் அது. பையனின் மனத்தில் எழுவது மின்சார இரயிலின் நீண்ட மூக்கு. எந்தப் புத்தகச் சான்றை வைத்து நான் அந்த முதியவரிடம் வாதிடுவேன்? வாதிடவில்லை.

சற்றுக் கழித்து அவரே கேட்டார்: "இப்ப ஓட்டுறது நம்ம ஆளுங்களா?"

"நம்மவர்களும் இருக்கிறார்கள் பாட்டி. பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து எடுக்கிறார்கள்" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

தாயார் இன்னமும் முழுமையாகச் சமாதானம் அடையவில்லை. "டாக்டர்னும் ஒண்ணு எழுதிடலாமா டீச்சர்? மூணாவது காலியாத்தானே இருக்கு?" என்றார். பையனைக் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்றேன். அவன் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, 'தெரியவில்லை' என்று எழுதினான். நான் திருத்தவில்லை. பதிவில் கண்ட விருப்பங்களைக் கணினியில் ஏற்றும்போது 'தெரியவில்லை' என்ற தொழில் பட்டியலில் இல்லாததால், அந்தக் கட்டத்தை இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறேன்.

இதற்கிடையில் அவன் திங்கட்கிழமைச் சபைகூடலில் செய்தி வாசிக்கிறான். ழகரம் இன்னும் முழுதாக வரவில்லை. 'தமிழ்ப்பள்ளி' என்ற சொல்லைத் தினமும் பத்து முறை சொல்லச் சொல்லியிருக்கிறேன். செய்தியைத் தானே எழுத வேண்டும், யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் முதல் வாக்கியத்திலேயே இருக்க வேண்டும் என்பது நான் வைத்த விதி. சென்ற வாரம் சிற்றுண்டிச் சாலையில் விலை ஏறியதைச் செய்தியாக்கிவிட்டான். பொறுப்பாளர் என்னிடம் முறையிட்டார். விலை ஏறியது உண்மையா என்று கேட்டேன், உண்மைதான் என்றார்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆதரவுடன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைத் தம்பினிலிருந்து சிரம்பானுக்கு இரயிலில் அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். இசைவுப் படிவங்கள் சென்ற வெள்ளிக்கிழமை அனுப்பப்பட்டன. இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது படிவங்கள் திரும்பி வந்துவிட்டன. அந்தப் பையனின் படிவத்தில் தாயார் கையொப்பமிட்டிருக்கிறார். ஓரத்தில் பென்சிலால், பாட்டியும் உடன் வரலாமா என்று ஒரு கேள்வி. முதியோருக்கான கட்டணச் சலுகையை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
பத்து பெரண்டாமிலிருந்து உங்கள் ஆசிரியை